மேலே இருக்கிறவன் தண்ணீர் குடிக்க வேண்டும்

தூத்துக்குடியில் தெருமுனைகளில் மாதா சிலை வைத்த கெபி எத்தனை இருக்கிறது என்று கேட்டால் இஞ்ஞாசி கொஞ்சம் யோசிப்பான். எத்தனை கக்கூஸ் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், மூச்சு விடாமல் ஒப்பிப்பான். திரேஸ்புரத்திலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எது எத்தனை மணிக்குத் திறக்கும், எதில் தண்ணீர் வரும், எதற்குத் தாழ்ப்பாள் உண்டு, எதன் சாவி எதிர்த்த டீக்கடை ஆணியில் தொங்கும், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பளபளவென்று கட்டித் திறந்து வைத்துவிட்டு மறுநாளே பூட்டுப் போட்ட ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவன் வாயில் நல்ல வார்த்தை வராது. எனக்கும் வராது.

இவ்வளவுக்கும் இஞ்ஞாசி சங்கு முங்குகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அவனுக்குத் தெரிந்த இடமெல்லாம் கடலுக்கு அடியில் இருந்தவைதான். கம்ப்ரசர் காற்றை ஓஸ் குழாய் வழியாக வாயில் வாங்கிக்கொண்டு, மணலைக் கையால் தடவிச் சங்கு எடுக்கிற வேலை. பதினெட்டு வருஷம் செய்தான். கெட்டிக்காரன் என்றுதான் பெயர். கூட இறங்கியவர்கள் எல்லாம் ஏறிய பிறகும் இவன் மட்டும் கீழே கிடப்பான். இன்னும் ரெண்டு எடுத்துட்டு வாரேன் என்கிற ஆசை. அந்த ஆசையை அடக்க மேலே ஒருவன் இருக்க வேண்டும். நேரம் பார்த்து ஓஸை இழுத்து, போதும் வா என்று சொல்ல வேண்டும்.

அன்றைக்கு மேலே இருந்தவன் தூங்கிவிட்டான்.

இஞ்ஞாசி தானாக ஏறி வந்து, கஞ்சி குடித்து, பீடி பற்ற வைத்தான். எழுந்திருக்கப் போனால் கால் அவனுடையதாக இல்லை. அளவுக்கு மீறி ஆழத்தில் கிடந்ததில் உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. திரும்ப ஆழத்துக்கு இறக்கினால் சரியாகும் என்பது முங்குகிறவர்களின் பழைய கைவைத்தியம். இறக்கிப் பார்த்தார்கள். அதில் ஒரு பகல் வீணாகப் போனது. அப்புறம்தான் ஆஸ்பத்திரி, ஸ்கேன், நாலு மாதப் படுக்கை எல்லாம்.

கால் பாதி திரும்பி வந்தது. கம்பு ஊன்றி நடக்கலாம், படி ஏறலாம். ஒன்றுக்கும் ரெண்டுக்கும் போகிற கட்டுப்பாடு மட்டும் திரும்பவில்லை. முதுகுத்தண்டில் அடிபட்ட நரம்பு அந்தச் சேதியை மூளைக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டது என்றார் டாக்டர். நீர்ப்பை நிறையும், இவனுக்குத் தெரியாது. நிறைந்து வழியும்போது வேட்டி நனைந்துதான் தெரியும். மலமோ நாலு நாள் கல்லாகக் கிடக்கும், இல்லையென்றால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். நாற்பது வயதில் ஆண்பிள்ளைக்கு இப்படி ஒன்று வந்தால் ஊருக்கு என்ன சொல்வது? கால் போச்சு என்று சொன்னான். கால் போனது மரியாதையான சீக்கு. மற்றது அவனுக்கும் மனைவி விஜிலாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

மூன்றாவதாகத் தெரிந்தவர் சண்முகத்தாய் சிஸ்டர். ஆத்தூரிலிருந்து தினம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருகிற நர்ஸ். குரல் பெரிது. வெட்கப்படுகிறவர்களைப் பார்த்தால் இன்னும் சத்தமாகப் பேசுவார். அவர்தான் அவனுக்கு மூத்திரம் எடுக்கிற டியூப் போடச் சொல்லிக்கொடுத்தார். சோப்புப் போட்டுக் கை கழுவு, ஜெல்லி தடவு, மெதுவாக உள்ளே விடு, முழுசும் வடிந்த பிறகு எடு. அவ்வளவுதான். முதல் நாள் இஞ்ஞாசியின் கையிலிருந்து டியூப் மூன்று தடவை கீழே விழுந்தது. மூன்று தடவையும் அவர் புதுசு பிரித்துக் கொடுத்தார்.

"முட்டிக்கிட்டு வரும்னு காத்திருக்காதீங்க. ஒங்களுக்கு முட்டாது. நாலு மணி நேரத்துக்கு ஒருக்க போன் அடிக்கும், நீங்க எடுக்கணும். ஒங்க நீர்ப்பைக்கு இனிமே போனுதான் மூளை" என்றார்.

காலைக்கடனுக்கும் ஒரு முறை வைத்திருந்தார். தினமும் ஒரே நேரம். முதலில் சூடாக ஒரு காப்பி. வயிற்றுக்குள் சூடு இறங்கினால் குடல் தானாக அசையும். இருபது நிமிஷம் கழித்து மருந்துக் குளிகையை ஆசனவாயில் வைத்து, ஓட்டை போட்ட நாற்காலியில் உட்கார வேண்டும். தேவைப்பட்டால் கையுறை மாட்டி விரலால் தூண்டிவிட வேண்டும். முக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. சின்ன வயதில் கயிற்றைப் பிடித்து மூச்சடக்கி முங்கிப் பழகியவனிடம் மூச்சை அடக்காதே என்றால் எப்படி? நாற்காலியில் உட்கார்ந்ததும் நெஞ்சு தானாக நிறைந்து வாய் மூடிக்கொள்ளும். "இது கடல் இல்ல, மூச்ச விடுங்க" என்று வெளியே நின்று விஜிலா கத்துவாள். இரண்டு மாதத்தில் உடம்பு அந்த நேரத்துக்குப் பழகிவிட்டது. ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஐந்தரைக்கு வேலை முடியும், மறுநாள் வரை பெரும்பாலும் தொந்தரவு இருக்காது.

பெரும்பாலும் என்ற வார்த்தையில்தான் அவன் மாட்டிக்கொண்டான். ஒரு நாள் திருநெல்வேலிக்கு ஸ்கேன் எடுக்கப் போகும்போது, தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டும் முன்னே பஸ்ஸுக்குள் அந்தப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. முந்தின நாள் கல்யாண வீட்டில் கண்டதையும் தின்றிருந்தான். முன் சீட்டுப் பெண்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். பின்னாலிருந்து ஒருவன் குழந்தை யாரோடது என்று கேட்டான். இஞ்ஞாசி அங்கேயே இறங்கினான். கம்பை ஊன்றிக்கொண்டு, மத்தியான வெயிலில், ஈர வேட்டியோடு ரோட்டோரம் நின்றான். நின்ற இடத்தில் அழுதான். அதோடு பஸ் விட்டது, கல்யாணம் விட்டது, பூசைக்குப் போனாலும் கோயில் வாசலோடு நிற்கிற வழக்கம் வந்தது.

வீட்டிலும் ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. கட்டிலில் உட்காருவான், வேட்டியைத் தொட்டுப் பார்ப்பான், எழுந்து வாசலுக்குப் போவான், திரும்பி வருவான். விஜிலா இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டு வந்தால், அவன் நடந்து நடந்தே சிமெண்டுத் தரை தேய்ந்துவிடும் என்பாள்.

இந்த நிலையில்தான் ஜாபேஸ் வந்தான். விஜிலாவின் தம்பி. அவனும் முங்குகிறவன், சொந்த வள்ளம் வைத்திருக்கிறான். அவன் வள்ளத்தில் கம்ப்ரசர் பார்த்த ஆள் கேரளாவுக்குப் போய்விட்டான்.

"அத்தான், காலு வேண்டாம். கண்ணும் காதும் போதும். ஓஸப் பாக்கணும், மிஷினப் பாக்கணும், காத்து திரும்புனா பைப்பத் திருப்பணும். ஒம்மளவிட யாருக்குத் தெரியும்?"

"யோசிச்சுச் சொல்லுதேன்லே."

"யோசிக்கதுக்கு என்ன இருக்கு? திங்கக்கெழம வாரும்."

முங்குகிறவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. தண்ணீரில் குதிக்கும் முன் கம்ப்ரசர் ஆளின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, மேல இருக்கவன் பாத்துக்கிடுவான் என்பார்கள். ஆண்டவரைச் சொல்கிறார்களா, கம்ப்ரசர்காரனைச் சொல்கிறார்களா என்பது கேட்கிறவன் பாடு. தன்னை முடமாக்கிய அந்த இடத்தில் தான் போய் உட்கார்ந்து, இன்னொருத்தனை முழுசாக மேலே கொண்டுவர வேண்டும். அந்த நினைப்பிலேயே இஞ்ஞாசிக்குப் புல்லரித்தது. மூன்று வருஷத்தில் அவன் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

விஜிலாதான் கேட்டாள். "காலம்பற ஆறு மணிக்குப் போனா சாயங்காலம் ஆகும் திரும்ப. வள்ளத்துல எங்க வச்சு எடுப்பீங்க?"

"எடுக்க வேண்டி வராது" என்றான் இஞ்ஞாசி.

அவன் மனதில் ஒரு கணக்கு ஓடியிருந்தது. முங்கப் போகிறவன் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே வயிற்றையும் நீர்ப்பையையும் காயப்போட்டுவிடுவான். வயிறு நிறைந்திருந்தால் ஆழத்தில் குமட்டும், தண்ணீர் குடித்திருந்தால் குளிரில் முட்டும். அதனால் பட்டினியாகவே இறங்குவது வழக்கம். பதினெட்டு வருஷம் செய்ததை இப்போது செய்ய முடியாதா? குடித்தால்தானே ஊறும், ஊறினால்தானே வழியும். இந்த யோசனையில் அவனுக்குத் தன் மேலேயே ஒரு மதிப்பு வந்தது. அறிவாளி!

திங்கள்கிழமை போனான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, காப்பியும் இல்லை. தடிப்பான துணியை உள்ளே கட்டிக்கொண்டான். வள்ளத்தில் ஜாபேஸும், தொம்மையும், இன்னொருவனும் முங்குகிறவர்கள். இஞ்ஞாசி கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்து ஓஸை மடியில் போட்டுக்கொண்டான். ஓஸ் அவன் விரல்களுக்கிடையில் உயிருள்ளதாக நெளிந்தது. கீழே ஆள் நகர்வது, நிற்பது, குனிவது எல்லாம் கைக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் வேட்டி நனையாமல் வீடு வந்து சேர்ந்தான். விஜிலா வாயே திறக்கும் முன், பாத்தியா என்றான்.

செவ்வாய், புதன், வியாழனும் அப்படியே போயின. பத்தரை மணி நேரம் டியூப் போடாமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து எடுப்பான். எடுத்தது கட்டங்காப்பி நிறத்தில் வந்தது, நாற்றம் மூக்கைத் துளைத்தது. காப்பியை நிறுத்தியதால் காலை நாற்காலியிலும் ஒன்றும் நடக்கவில்லை. நாலு நாளாக வயிறு இறுகிக் கிடந்தது. விஜிலா வாளியைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"இது மூத்திரமா, தாரா? சிஸ்டருக்குப் போன் போடட்டா?"

"சும்மா இரு. இன்னும் கொஞ்ச நாள்ல ஒடம்பு பழகிரும்."

உடம்பு பழகவில்லை. வெள்ளியும் அப்படியே போய், சனிக்கிழமை வள்ளத்தில் ஏறும்போதே அடிவயிறு கனத்தது. பத்து மணிவாக்கில் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு குளிர் ஓடியது. பல் கிட்டித்தது. வெயில் சுட்டெரிக்க, இவன் சாக்கை எடுத்துப் போர்த்திக்கொண்டு முழங்காலுக்குள் தலையைப் புதைத்தான். ஓஸ் மடியில்தான் இருந்தது. கண்ணுக்கு முன்னால் கடலும் வானமும் ஒரே வெள்ளையாகக் கலங்கின.

அதுவரை வடக்கிலிருந்து அடித்த வாடைக்காற்று அந்த நேரம் பார்த்துக் கிழக்கே திரும்பியது. வள்ளமும் திரும்பியது. மிஷின் புகை, காற்று இழுக்கிற பைப்பின் வாய்ப்பக்கமாகப் போனது. உள்ளே போனால் ஓஸ் வழியாகக் கீழே இருக்கிறவன் மூச்சுக்கும் அந்தப் புகைதான் போகும். பைப்பை மறுபக்கம் திருப்பிக் கட்ட வேண்டும், பத்து விநாடி வேலை. மேலே இருக்கிறவன் இருப்பதே அதற்காகத்தான்.

இஞ்ஞாசி பார்க்கவில்லை.

ஓஸ் இரண்டு முறை வெட்டி இழுத்தது கைக்குத் தெரிந்தது. எழுந்திருக்க நினைத்தான், உடம்பு கேட்கவில்லை. பக்கத்தில் தண்ணீர் கிழியும் சத்தம். ஜாபேஸ் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கடலுக்குள் வாந்தி எடுத்தான். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. தொம்மையும் மற்றவனும் இருமிக்கொண்டே ஏறி வந்து அவனை இழுத்து உள்ளே போட்டார்கள். ஜாபேஸுக்குப் பேச்சு வரக் கால் மணி நேரம் ஆனது. சாக்குக்குள் சுருண்டு கிடந்தவனைத்தான் முதலில் பார்த்தான்.

"தூங்கிட்டீரே அத்தான்" என்றான்.

கரை வரும் வரைக்கும் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான். நான் தூங்கல என்று இஞ்ஞாசி மனதுக்குள்ளேயே நூறு தடவை சொன்னான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நீர்ப்பையில் கிருமி, சிறுநீரகம் வரை ஏறப் பார்த்திருக்கிறது என்றார். ஊசி ஏறியது, குளுக்கோஸ் ஏறியது, மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அவன் இருக்கிற திரேஸ்புரத்தில் வேறு கதை ஓடியது. இஞ்ஞாசிக்கு வெயில் சூடு பிடிச்சிட்டாம், இளநி குடிச்சாச் சரியாகிருமாம். அதோடு இன்னொன்றும்: கம்ப்ரசருல ஒக்காந்து தூங்கிட்டானாம், மச்சினன் செத்துப் பொழச்சானாம். இந்த இரண்டாவதை விஜிலா வந்து சொன்னபோது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூன்று வருஷமாக அவன் சபித்துக்கொண்டிருந்த ஆளின் பெயர் இப்போது அவனுக்கே வந்துவிட்டது.

சண்முகத்தாய் சிஸ்டர் கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"எத்தன நாளா தண்ணி குடிக்கல?"

"ஒரு வாரம் சிஸ்டர். கடலுக்குப் போறேன்லா. முங்கப் போறவன் குடிக்கக் கூடாது. எங்க தொழில்ல அப்படித்தான்."

"முங்குனீங்களா?"

"இல்ல. மேல கம்ப்ரசருல இருக்கேன்."

சிஸ்டர் பையைக் கீழே விட்டார். வார்டு முழுக்கக் கேட்கும்படி பேச ஆரம்பித்தார். "அப்பம் நீங்க முங்குத ஆளு இல்லல்லா? மேல இருக்க ஆளு. முங்குதவன் பட்டினி கெடக்கட்டும், மேல இருக்கவன் தண்ணி குடிக்கணும்! கிருமிய வெளிய தள்ளுததே அந்தத் தண்ணிதான். கொஞ்சங்கொஞ்சமா ரெண்டு லிட்டர் குடிங்க, நாலு மணிக்கொருக்க எடுத்திருங்க. எடுத்துட்டா அப்புறம் வழியதுக்கு உள்ள என்ன இருக்கப் போவுது? குடிக்காமக் கெடந்தா குடலும் கல்லாயிரும். கல்லாயிட்டா அதுவும் சேந்து நீர்ப்பைய அமுக்கும். இத நான் ஒங்களுக்கு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

நிறைய தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் முதல் வாக்கியம் சொன்னதில்லை. நீங்க முங்குத ஆளு இல்ல. இஞ்ஞாசி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கால் போனதும் தெரிந்தது, மற்றது போனதும் தெரிந்தது. முங்குகிறவன் என்ற பெயர் போனது மட்டும் அவனுக்கு இத்தனை நாளும் தெரியாமலேயே இருந்திருக்கிறது. அது வலித்தது. காய்ச்சலைவிட அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு வந்த அன்று விஜிலாவிடம் சொன்னான். "ஒந் தம்பிகிட்ட நீயே வெவரத்தச் சொல்லிரு. நான் தூங்கலன்னு சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். ஒங்க மூத்திரம், நீங்களே சொல்லுங்க."

"எப்படிட்டீ சொல்லுவேன்?"

"எனக்கு எப்படிச் சொன்னீங்க?"

அவளுக்கும் அவன் சொன்னதில்லை. அவளாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அதை நினைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தான். சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் சாகும் வரை தூங்கினவன். வேட்டியில் பட்டது துவைத்தால் போய்விடும், இந்தப் பெயர் போகாது. மறுநாள் சாயங்காலம் டியூப் இருக்கிற பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பை ஊன்றிக் கடற்கரைக்குப் போனான்.

ஜாபேஸும் தொம்மையும் வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜாபேஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டான்.

"நான் தூங்கல, ஜாபேஸ்."

இஞ்ஞாசி பையைத் திறந்து, உறை பிரிக்காத ஒரு டியூப்பை எடுத்து வள்ளத்தின் விளிம்பில் வைத்தான்.

"எனக்கு மூத்திரம் தானா வராது. இத விட்டுத்தான் எடுக்கணும், நாலு மணிக்கொருக்க. வெளிக்கிப் போறதுக்கும் தெனம் ஒரு மணி நேரம் வேல. வள்ளத்துல ஒங்க முன்னால எடுக்க வெக்கப்பட்டு தண்ணி குடிக்காமக் கெடந்தேன். அதுல காச்சல் வந்துட்டு. அன்னைக்கி நடுக்கத்துல கண்ணு தெரியல."

தொம்மை சிரிக்கத் தொடங்கினான். கூடச் சிரிக்க ஆள் இல்லாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"எத்தன நாளா?" என்றான் ஜாபேஸ்.

"மூணு வருசமா."

ஜாபேஸ் கையிலிருந்த தேங்காய் நாரை வீசி எறிந்தான். "மூணு வருசமா மறச்சதுகூட இருக்கட்டும். இத வச்சுக்கிட்டு என்னையக் கீழ எறக்கினீரே. அந்தப் புகையில நான் செத்திருந்தா?"

"செத்திருப்ப" என்றான் இஞ்ஞாசி. "தப்பு எம்மேலதான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அதோடு திரும்பிப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தான். ஆனால் வாய் நிற்கவில்லை. மூன்று வருஷமாக அடைத்துக் கிடந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"இன்னுங் கேளு. ஒம்பது மணிக்கும் ஒரு மணிக்கும் எம் போன் அடிக்கும். அடிக்கும்போது கீழ ஒருத்தனும் இருக்கக் கூடாது. நான் ஓஸ இழுத்தா ஏறிரணும். எல்லாவனும் மேல வந்த பொறவுதான் நான் எழும்புவேன். பின்பக்கம் ஒரு படுதா கட்டணும், ஒரு வாளி, கை கழுவ நல்ல தண்ணி ஒரு கேன். அது போக, கீழ இருக்கதுக்கும் மணி வைப்பேன். சங்கு கெடந்தாலும் சரி, அடிச்சா ஏறணும். சம்மதம்னா வாரேன், இல்லன்னா வேற ஆளப் பாரு. ஆனா இஞ்ஞாசி தூங்கிட்டான்னு மட்டும் சொல்லாதலே."

"ஒம்ம மூத்திரத்துக்கு நாங்க ஏறி வரணுமோ?" என்றான் தொம்மை.

"ஆமா. அன்னைக்கி எனக்கு இப்படி ஒருத்தன் மேல இருந்திருந்தா, இன்னைக்கி எனக்கு இந்த டியூப்பு வேண்டாம்லா?"

ஜாபேஸ் டியூப்பை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். திரும்ப அத்தான் கையில் கொடுத்தான். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றான்.

நாலு நாள் யோசித்தான் பாவி. இஞ்ஞாசிக்கு அந்த நாலு நாளும் முள்மேல் இருந்த மாதிரிதான். தண்ணீர் மட்டும் ஒழுங்காகக் குடித்தான். காலையில் காப்பி குடித்து நாற்காலியில் உட்கார்ந்தான், மூச்சை விட்டான், குடல் பழையபடி வழிக்கு வந்தது. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் ஜாபேஸ் என்று நினைத்துப் பாய்ந்து எடுப்பான். நாலு மணி நேர அலாரமாக இருக்கும். விஜிலா சிரிப்பாள், இவனுக்குக் கோபம் வரும். மச்சினன் இல்லையென்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, இந்தக் காத்திருப்புத்தான் ஆளைத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிஜமாகவே ஜாபேஸ் அழைத்தான். இரண்டு வார்த்தைதான். "படுதா கட்டியாச்சு."

திங்கள்கிழமை வள்ளத்தின் பின்பக்கம் நீலப் படுதா ஒன்று மூங்கில் கம்பில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு சிவப்பு வாளி, ஒரு கேன் தண்ணீர், சோப்புக்கட்டி ஒன்று. சோப்பை யார் வைத்தது என்று அவன் கேட்கவில்லை. தொம்மை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. இஞ்ஞாசி ஓஸை மூன்று முறை இழுத்தான். ஒருவர் பின் ஒருவராகத் தலை தெரிந்தது. நல்ல மணலை விட்டுட்டு வந்தேன் என்று தொம்மை முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். மூவரும் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் இஞ்ஞாசி எழுந்தான். படுதாவுக்குப் பின்னால் கை கழுவினான். டியூப் இந்தத் தடவை கீழே விழவில்லை. வாளியில் விழுந்த சத்தம் நாலு பேருக்கும் கேட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். எட்டிப் பார்த்தான். தெளிந்த வைக்கோல் நிறம். சிஸ்டருக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது.

"ஏ அண்ணே, மழ விட்டுட்டா?" என்று தொம்மை கத்தினான்.

"விட்டுட்டுலே. குதி."

படுதாவை விலக்கிக்கொண்டு வந்து கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்தான். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான், பைப்பைத் தொட்டுப் பார்த்தான். ஜாபேஸ் மாஸ்கை மாட்டிக்கொண்டு விளிம்புக்கு வந்தான். தோளைத் தட்டக் கையைத் தூக்கியவன், தட்டாமல் நிறுத்தினான்.

"அத்தான், தண்ணி குடிச்சீரா?"

"குடிக்கேன், நீ போ."

"குடியும். பாத்துட்டுப் போறேன்."

இஞ்ஞாசி பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடித்தான். ஒரு மடக்கு, இரண்டு, மூன்று. ஜாபேஸ் அவன் தொண்டை ஏறி இறங்குவதை மாஸ்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"மேல இருக்கவன் பாத்துக்கிடுவான்" என்று சொல்லிவிட்டுக் குதித்தான்.

இஞ்ஞாசி போனில் மணி வைத்துவிட்டு, ஓஸை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான்.